ஒரு வேட்டுக்கு ஓடிய இரண்டு பேர்

பஸ் பிடிக்கக் கம்பம்மெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முன்னால், என் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி அக்கா வீட்டுக்காரர், என் மச்சான். ஆனைக்கரையில் அவர்கள் வீடு எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டது. ராணுவத்தில் சேரப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான் என்று நினைப்பீர்கள். நான் பஸ் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நடந்தேன்.

ஏலத்தோட்டம், லாரி கிளீனர், கோயமுத்தூர் ஓட்டல் என்று மூன்று வேலையை விட்டு ஓடி வந்தவன் நான். (பள்ளிக்கூடத்தையும் சேர்த்தால் நான்கு.)

"மாப்ள, இதையும் உட்டுப்போட்டு வந்தீன்னா நம்மூட்டுப் பக்கம் வந்தராத. உங்கக்காளுக்குப் பதில் சொல்ல என்னால ஆவாது."

"வரமாட்டனுங்க மச்சான்."

"மத்த மூணுக்கும் இதேதான சொன்னே."

பஸ் வந்துவிட்டது.

முகாமில் எல்லாவற்றுக்கும் பயந்தேன். விசிலுக்குப் பயம். முடிவெட்டுகிறவருக்குப் பயம். இந்தியில் யாராவது கத்தினால், திட்டுகிறார்களா சாப்பிடக் கூப்பிடுகிறார்களா என்று தெரியாத பயம். (இரண்டுக்கும் எழுந்து நின்றுவிடுவேன்.)

மூன்றாம் வாரம் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் முறை வரும்வரை பின்னால் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு ராஜஸ்தான்காரன், என்னைவிட ஒரு அடி உயரம்.

நான் பிறந்தது கோயமுத்தூர்ப் பக்கம் ஆனைகட்டி மலையில். அங்கே வேட்டுச் சத்தம் கேட்டால் சோளக்காட்டில் ஆனை இறங்கிவிட்டது என்று பொருள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். தனியாக ஓடி வந்தவனை ஊரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

முதல் வேட்டு வெடித்தது. எனக்குச் சுயநினைவு வந்தபோது மைதானத்து முள்வேலி ஓரம் நின்றிருந்தேன். என் கையில் ராஜஸ்தான்காரன் கை. எதற்கென்றே தெரியாமல், பாவம், என்னைவிட வேகமாக ஓடியிருக்கிறான்.

கம்பத்துக்காரரான ஹவில்தார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"எதுக்குடா ஓடுன?"

"ஆனைங்க சார்."

"எங்கடா ஆனை?"

"இங்க இல்லீங்க சார்."

"சரி, நீ ஓடுன. அவன எதுக்குடா இழுத்துட்டுப் போன?"

"அவன மட்டும் உட்டுட்டு எப்படீங்க சார் ஓடறது?"

அவர் ராஜஸ்தான்காரனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். "நாளைக்கும் ஓடுன, அப்படியே ஊருக்கு ஓடிர வேண்டியதுதான்." ஓடும்போது ஆனைக்கரை வீட்டுக் கதவு கண் முன்னாலேயே நின்றது, உள்ளே தாழ் போட்டபடி.

இப்போதும் நான் லீவில் போயிருக்கையில் எங்காவது பட்டாசு வெடித்தால், மச்சான் கையை நீட்டுவார். "புடிச்சுக்க மாப்ள, போலாம்." அக்கா சிரித்து முடிக்கச் சோறு ஆறிவிடும்.

அன்று மைதானத்தைச் சுற்றி ஓடிய மறுநாள் காலை ஹவில்தார் இரண்டு ஆள் கேட்டார். குறிப்பலகையைக் குழிக்குள் நின்று ஏற்றி இறக்கும் வேலை, சுடுகிறவர்களிடமிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி என்றார். துப்பாக்கிக்கும் எனக்கும் நடுவில் அவ்வளவு தூரமா என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். (தூக்கிய கையோடு ராஜஸ்தான்காரன் கையும் வந்தது.) குழிக்குள் இறங்கி, பலகையைத் தலைக்கு மேல் நிறுத்திய பிறகுதான், அவர்கள் எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவார்கள் என்று யோசித்தேன்.