சுவாச சித்தரும் பிராண மணியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஊரின் பெரிய புள்ளி வசந்தகுமாரின் கல்யாண மண்டப வாசலில் தொடங்கிய வரிசை வாலாஜாபாத் சாலை வரைக்கும் நீண்டுவிட்டது. ஊரில் இதற்கு முன் மூன்று கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தது. மூன்றிலும் நர்சம்மாக்கள் ஈ ஓட்டினார்கள். தடுப்பூசிக்கு வர யாருக்கும் நேரமில்லை. ஷிப்டு இருந்தது, ஓ.டி. இருந்தது, ஊசி போட்டால் கை வலிக்குமே என்ற கவலை இருந்தது. சுவாச சித்தரைப் பார்ப்பதற்கு மட்டும் எல்லோருக்கும் லீவு கிடைத்திருந்தது.

சித்தரின் பெயர் பாண்டுரங்கன். இமயமலைக் குகையில் பன்னிரண்டு வருடம் மூச்சை அடக்கித் தவம் செய்தாராம். பன்னிரண்டு வருடம் மூச்சு விடாதவர் எப்படி உயிரோடு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. 'ஐயம் கொள்வோர்க்கு அருள் கிட்டாது' என்று பேனரிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வரிசையின் நடுவில் கலைமதி நின்றாள். அவளாக வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் கணவன் லோகேஷ் இழுத்து வந்திருந்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டு நாலாம் வகுப்பு படிக்கும் மகள். கலைமதிக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. லைனில் வரும் பீஸ்களை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் பிரிக்க வேண்டும். எட்டு வருடமாக அதே வேலை.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் இரண்டு கண்ணாடிக் கிளாஸ். இரண்டிலும் பளிங்குபோலத் தண்ணீர்.

முகக்கவசம் போட்ட ஒரு சிறுமியை அழைத்தார் சித்தர். அவள் கவசத்தை லேசாகத் தூக்கி, ஸ்ட்ராவை வாயில் வைத்து, வலப்பக்கக் கிளாஸில் ஊதினாள். பத்து மூச்சு ஊதுவதற்குள் தண்ணீர் பால்போல வெளுத்தது.

"பார்த்தீர்களா விஷத்தை! முகமூடிக்குள் மூச்சு சுழன்று சுழன்று நஞ்சாகிறது. பிஞ்சு நுரையீரலுக்குள் இதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது!"

பெண்கள் பக்கமிருந்து ஐயோ என்று சத்தம் வந்தது. சித்தர் சிறுமியின் கவசத்தைக் கழற்றி எறிந்தார். சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு கறுப்பு மணியை அவள் கழுத்தில் கட்டினார். இப்போது இடப்பக்கக் கிளாஸ். ஊதினாள். குமிழி வந்தது, தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. மண்டபம் அதிரக் கைதட்டல்.

அதுதான் பிராண மணி. கழுத்தில் இருந்தால் எந்தக் கிருமியும் அண்டாது. விலை என்று சொல்லக்கூடாது, காணிக்கை. ஐந்நூற்று ஒரு ரூபாய்.

கிளாஸ்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தண்ணீர் ஊற்றி, அன்று ஒன்பது குழந்தைகளை ஊதவிட்டுக் காட்டினார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே ஸ்ட்ரா. நோயை விரட்டும் விழாவில் சிக்கனமும் வேண்டுமல்லவா?

கலைமதி மகளின் முகக்கவசத்தைத் தொட்டுப் பார்த்தாள். பள்ளி திறந்த நாளிலிருந்து மகளுக்குத் தன் கையால் முகக்கவசம் மாட்டி அனுப்புகிறவள் அவள்.

"பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?" என்றான் லோகேஷ். "புள்ளைக்கு இத்தினி நாளா வெஷத்த மாட்டி அனுப்பிகினு இருந்துருக்கோம்."

"வெள்ளையாச்சு, பாத்தேன். அது வெஷம்னு யாரு சொன்னது?"

"சாமிதான் சொன்னாரே!"

"மணி விக்கறவரு வேற இன்னா சொல்லுவாரு?"

லோகேஷ் கவுண்டரில் நின்று ஒரு மணி வாங்கி மகள் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் சண்டை வெடித்தது. நூற்று நாற்பது பிள்ளைகளில் பாதிக்கு மேல் முகத்தில் கவசமில்லை, கழுத்தில் மணி. தலைமையாசிரியை சசிகலா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மாஸ்க் போடாம உள்ள விட முடியாதுங்க. அரசாங்க உத்தரவு."

"அரசாங்கமா வந்து எங்க புள்ளைக்கு மூச்சு குடுக்கும்?"

"மாஸ்க் கம்பெனிக்காரன் உனக்கு இன்னா கமிஷன் குடுக்கறான் டீச்சர்?"

பத்தொன்பது மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியைக் கூட்டித் துடைத்துத் திறந்த சசிகலாவுக்கு ஊர் வழங்கிய பட்டம் கமிஷன் ஏஜென்ட். அதற்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது. ஒன்றின் பெயர் 'பாதுகாப்பான பள்ளி'. இன்னொன்றின் பெயரும் 'பாதுகாப்பான பள்ளி'தான், கூட ஒரு சூலம் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் மாமியார் அதில், மருமகள் இதில்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வசந்தகுமாரே தீர்ப்புக்கும் நாள் குறித்தார். மனை விற்கிறவர். மண்டபமும் அவருடையது, சித்தரை அழைத்து வந்தவரும் அவரே, நடுநிலையும் அவரே.

"வர்ற சனிக்கெழம மீட்டிங். சாமியே நேர்ல வந்து காட்டுவாரு. கையத் தூக்கி ஓட்டுப் போடுவோம். மணி போட்டா மாஸ்க் வேணாம்னு தீர்மானம். டீச்சர் ஒத்துக்கலன்னா அறுவது புள்ளைங்களுக்கு டி.சி. வாங்கிகினு போயிடுவோம்."

அறுபது பிள்ளைகள் போனால் பள்ளியில் ஆசிரியர்கள் குறைவார்கள். மூன்று வகுப்பு ஒரே அறைக்கு வரும். சசிகலா உள்ளே போனார்.

புதன்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த கலைமதி, பக்கத்து போர்ஷனில் யாரோ மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றாள். மரமல்ல. இசக்கிசெல்வியின் ஆறு வயது மகன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இசக்கிசெல்வி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவனோடு வேலைக்கு வந்தவள். இரண்டாவது அலையில், ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே ஆறு மணி நேரம் காத்திருந்து அவன் போய்விட்டான். மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு.

"செல்வி, பஃப் எங்க?"

"சாமி நிறுத்தச் சொல்லிட்டாவக்கா. அதும் வெசந்தானாம். மணி இருக்குல்லா, தன்னால சரியாயிரும்னாவ."

கலைமதி அலமாரியைத் துழாவி மருந்தை எடுத்தாள். பையனை மடியில் உட்காரவைத்து, வாயில் பொருத்தி அழுத்தினாள். இரண்டாவது அழுத்தலுக்குப் பிறகு அந்த அறுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பையன் அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.

"படிச்ச பொண்ணுதான நீ? அவன் சொன்னான்னு மருந்த நிறுத்துவியா?" என்று கலைமதி கோபத்தில் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுக காத்துக்குத் தவிச்சதப் பாத்தவக்கா நானு" என்றாள் இசக்கிசெல்வி. "அந்தக் கண்ண மறக்க முடியல. மூச்ச நான் காப்பாத்திக் குடுக்கேன்னு ஒரு ஆளு சொன்னா, நம்பாம என்ன செய்ய?"

கலைமதி பையனை அவள் மடிக்கு மாற்றி, மருந்தையும் அவள் கையில் வைத்தாள்.

அடுத்த நாள் வேலையில் அவள் மனம் நிற்கவில்லை. மேசையில் பீஸ்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கருவியில் வைத்ததெல்லாம் ரிஜெக்ட், பக்கத்துக் கருவியில் வைத்ததெல்லாம் ஓ.கே. என்று வந்தால் என்ன செய்வார்கள்? சேர்ந்த முதல் வாரத்தில் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்ததுதான்: பீஸைத் திட்டாதே, கருவியைச் சந்தேகப்படு. இதில் வைத்ததை எடுத்து அதில் வை.

கையிலிருந்த பீஸை அப்படியே பிடித்துக்கொண்டு கலைமதி யோசித்தாள். ஒன்பது பிள்ளைகள். முகக்கவசத்தோடு ஊதியதெல்லாம் வலப்பக்கக் கிளாஸில். மணியோடு ஊதியதெல்லாம் இடப்பக்கக் கிளாஸில். ஒரு பிள்ளைகூடப் பக்கம் மாறி ஊதவில்லை.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஷாமியானா. நூற்று எட்டு மணி மாலையோடு சித்தர் மேடையேறினார். வலப்பக்கக் கிளாஸ் வெளுத்தது. இடப்பக்கக் கிளாஸ் தெளிவாகவே இருந்தது. கைதட்டல்.

"இப்ப ஓட்டெடுப்பு!" என்றார் வசந்தகுமார்.

கலைமதி எழுந்து மேடைக்குப் போனாள். பின்னாலிருந்து லோகேஷ் அவள் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

"சாமி, ஒரே ஒரு தபா மாத்திக் காட்டுங்க. மணி கட்டின புள்ள வலது கிளாஸ்ல ஊதட்டும். மாஸ்க் போட்ட புள்ள இடது கிளாஸ்ல ஊதட்டும்."

சித்தர் கண்ணை மூடினார். "தெய்வத்துக்குச் சோதனை வைக்கக்கூடாது தாயே."

"இத்தினி நேரம் நீங்க பண்ணது இன்னா சாமி? அதும் சோதனதான?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ அவளை இறங்கச் சொல்லிக் கத்தினார்கள். வசந்தகுமார் மைக்கைப் பிடுங்கினார். "யாரும்மா நீ? மாஸ்க் கோஷ்டியா? டீச்சர் செட்டப் பண்ணி அனுப்பிச்சாங்களா?"

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இசக்கிசெல்வி எழுந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டே மேடைக்கு வந்தாள். மைக் இல்லாமலே அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சாமி, நான் உங்கள நம்பி எம்பிள்ளைக்கு மருந்த நிறுத்துனவ. புதன்கெழம அவன் போயிருப்பான். எனக்குத் தெரியணும். பிள்ளைய எல்லாம் விடுங்க. உங்க கழுத்துல நூத்தியெட்டு மணி கெடக்குல்லா? நீங்களே அந்த வலது கிளாஸ்ல ஊதுங்க."

அவளை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் கணவனைப் பாடையில்கூடப் பார்க்காமல் பாலித்தீன் பையில் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும்.

"ஊதுங்க சாமி" என்று முன்வரிசையில் ஒருவர் பக்தியோடு சொன்னார். "உங்க மூச்சு அமுதமாச்சே. காட்டுங்க, இதுங்க வாயி அடைக்கட்டும்."

சித்தரை மாட்டிவிட்டது சித்தரின் பக்தர். சித்தர் மெதுவாக இடப்பக்கக் கிளாஸை எடுத்தார். கலைமதி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கென்று புதிதாக ஊற்றி வைத்திருந்த வலப்பக்கக் கிளாஸைக் கையில் கொடுத்தாள். ஸ்ட்ராவும் புதிது.

சித்தர் ஊதினார். முதலில் பட்டும் படாமலும் ஊதினார். "நல்லா ஊதுங்க சாமி!" என்று கூட்டம் உற்சாகப்படுத்தியது. நல்லா ஊதினார்.

நூற்று எட்டு மணிகளும் கழுத்தில் கிடக்க, அமுத மூச்சு தண்ணீரைச் சோற்றுக்கஞ்சி ஆக்கியது.

கலைமதி தன் முகக்கவசத்தைத் தூக்கி, இன்னொரு ஸ்ட்ராவை வைத்து இடப்பக்கக் கிளாஸில் ஊதினாள். பத்து மூச்சு, இருபது மூச்சு, முப்பது மூச்சு. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இதற்குள் சத்துணவு சமைக்கும் பாஞ்சாலி மேசை விரிப்பைத் தூக்கி அடியில் குனிந்துவிட்டாள். இரண்டு பாட்டில். ஒன்றில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். இருபது வருடமாக வெற்றிலை போடுகிற நாக்கு.

"அடப் பாவி! இது சுண்ணாம்புத் தண்ணிடா! தெளிய வெச்சு இறுத்துகினு வந்துகீறான்!"

சசிகலா முதல்முறையாக மைக்கை வாங்கினார். "யார் ஊதினாலும் வெளுக்கும். நாம விடற மூச்சுல இருக்கிற கரியமில வாயு பட்டா சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கும், அவ்வளவுதான். இது நம்ம அறிவியல் பாடத்துலயே இருக்கு. முதல் நாளே வாசல்ல சொல்ல வந்தேன். கமிஷன் எவ்வளவுன்னுதான் கேட்டீங்க."

அதற்கு மேல் யாரும் பாடம் கேட்கிற நிலையில் இல்லை. மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு, இருமிக்கொண்டு, எச்சில் தெறிக்க மேடையை நோக்கிப் பாய்ந்தது. சித்தர் பள்ளிச் சுவர் ஓரம் ஒதுங்கினார். காவி வேட்டியின் மடிப்பில் கையை விட்டார். பயந்த மனிதன் யோசிக்காமல் செய்கிற வேகத்தில் ஒன்றை எடுத்து மூக்கிலும் வாயிலும் மாட்டிக்கொண்டார்.

அசல் என்-95 முகக்கவசம். டாக்டர்கள் போடுவது.

ஒரு நொடி எல்லோரும் அப்படியே நின்றார்கள். இத்தனை நாளில் சித்தர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

யாரோ போன் போட, போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. வசந்தகுமார், "நானும் உங்களமாதிரி ஏமாந்தவன்தாம்பா" என்று தோள் தோளாகத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் மீதமிருந்த மணி மூட்டைகளை அவர் பணத்தில்தான் வாங்கியிருந்தார்கள் என்று தெரிந்ததும், கழகத் தலைவர் பதவியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனார்.

அங்கேயே ஓட்டெடுப்பு நடந்தது. முகக்கவசம் வேண்டும் என்று கைகள் உயர்ந்தன. லோகேஷ் மகள் கழுத்துக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "கிளாஸ மாத்திப் பாக்கணும்னு எனக்கு ஏன் தோணாம போச்சு?" என்றான்.

"நீ அவரு சொன்னதயே கேட்டுகினு இருந்த, கிளாஸப் பாக்கல" என்றாள் கலைமதி. அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, தூங்கும் பையனை இசக்கிசெல்வியின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஊர் திருந்திவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எல்லோரும் முகக்கவசத்தோடு வந்தார்கள். அவர்களில் பதினோரு பேர் கழுத்தில், சட்டைக்கு உள்ளே, மணியும் இருந்தது. ஏன் என்று சசிகலா கேட்டதற்கு, ஒரு தாய் நெளிந்துகொண்டே சொன்னாளாம்: "இருக்கட்டுமே டீச்சர். காசு குடுத்து வாங்கினது."

அந்த அம்மாவுக்கும், அவரைப்போல மண்டபம் மண்டபமாக வரிசையில் நிற்கும் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. டீச்சர் சொன்ன அந்த அரசாங்க உத்தரவை இன்னொரு முறை நன்றாகப் படித்துப் பாருங்கள். மூடச் சொல்லியிருப்பது மூக்கையும் வாயையும்தான். மூளையை மூடச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.