ஆந்தை குறித்த வெள்ளிக்கிழமை

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் அழகியநம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. நீங்களும் அக்காவும் மருமகன் செல்வகணேஷும் நாகர்கோவிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் ஸ்ரீப்ரியாவும் குழந்தை ஆர்ஷாவும் சௌக்கியம். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை நான் இறந்துபோகிறேன் அத்தான். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். சொன்னதே போன்தான். அதன் காதில் விழும்படி இனி எதையும் பேச எனக்குத் தைரியம் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆர்ஷா நாலாம் வகுப்பு அல்லவா, அவள் டீச்சர் போன மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கணக்கு விளையாட்டைப் போட்டு, தினமும் அரை மணி நேரம் விளையாடினால் பிள்ளைகளுக்குக் கணக்கு தானாக வந்துவிடும் என்றார். என் போனில்தான் ஏற்றினோம். கண்ணாடி போட்ட ஒரு ஆந்தை வந்து மலையாளத்தில் கணக்குக் கேட்கும், சரியாகச் சொன்னால் மரத்திலிருந்து பலாப்பழம் விழும், தப்பாகச் சொன்னால் ஆந்தை கண்ணை மூடிக்கொள்ளும். உலகத்தில் எத்தனையோ பறவை இருக்க, குழந்தைகள் விளையாட்டுக்கு ஆந்தையைப் பிடித்துப் போட்டவன் எந்த ஊர்க்காரனோ, அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. ஸ்ரீப்ரியாவிடம் சொன்னேன். பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுகா, உங்களுக்கு ஆந்தைதான் கண்ணுல படுது என்றாள்.

நேற்று புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சாலைக் கடைத்தெருவில் நம்ம பிளாஸ்டிக் கடையில் ஒரு அம்மாளுக்கு மூடி போட்ட டப்பா எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், சட்டைப் பையிலிருந்து அந்த ஆந்தையின் குரல். ஓணத்துக்கு முன்னால் வாளித் தண்ணீரில் விழுந்ததிலிருந்து போனுக்குத் தொண்டை கட்டினாற்போல்தான் சத்தம் வரும், ஆனாலும் நன்றாகவே கேட்டது. "அழகியநம்பீ, வெள்ளியாழ்ச மரணம். தய்யாறாயிக்கோளு." வெள்ளிக்கிழமை மரணம், தயாராகிக்கொள் என்று என் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்கிறது அத்தான். டப்பா கை நழுவிக் கீழே விழுந்து மூடி தெருவுக்கு உருண்டது. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவே வேண்டாம் என்று போய்விட்டாள். பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிற ஸ்ரீஜித்திடம் நேராகக் கேட்கப் பயந்து, போனுக்கு மனுஷன் உடம்பு நிலவரமெல்லாம் தெரியுமா தம்பி என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். இப்பத்த போன் ஹார்ட் நிக்கதுக்கு முன்னாலயே அறியும் அண்ணாச்சி என்று, ஏதோ அவனே கண்டுபிடித்தது மாதிரி பெருமையாகச் சொன்னான். அதற்குப் பிறகு எனக்கு வியாபாரம் ஓடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆர்ஷா வழக்கம்போல் போனை வாங்கிக்கொண்டு போனாள். கொடுக்காதே என்று மனசு சொல்கிறது, கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாளே. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "சங்கலனம் கழிஞ்ஞு. வ்யவகலனம் கழிஞ்ஞு. குணனம் கழிஞ்ஞு. இனி அழகியநம்பிக்கு மரணம்." கழிஞ்ஞு என்றால் முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். முதலாவது சங்கு ஊதுகிற விஷயம், அது ஆயிற்றாம். இரண்டாவது என்ன வியாதியோ தெரியவில்லை. மூன்றாவதுதான் மோசம், குணமாகிற கட்டமும் முடிந்துபோயிற்றாம். எட்டிப் பார்த்தேன். திரையில் என் பேர், பேருக்குப் பக்கத்தில் மூன்று சிவப்பு இதயம், அதில் இரண்டு கறுத்துக் கிடந்தது. ஆர்ஷா என்னைப் பார்த்ததும் போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, வெள்ளியாழ்ச வரண்டாம்ப்பா. எனக்குப் பேடியாட்டு இருக்கு" என்று அழுதாள். வெள்ளிக்கிழமை வரவே வேண்டாமாம், பயமாக இருக்கிறதாம். குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது அத்தான். ஒன்பது வயசுப் பிள்ளை இதை எத்தனை நாளாக மனசில் வைத்துப் புழுங்கினாளோ. என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. ஒண்ணுமில்ல மக்களே, அப்பா இருக்கேன்லா என்றேன்.

இன்று கடையைத் திறக்காமல் நேரே டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார், பிரஷர் பார்த்தார், உங்களுக்கு ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்கள் என்றார். கைவிட்ட கேஸுக்கு டாக்டர்கள் வேறென்ன சொல்வார்கள்? வருகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் எறிந்தேன், எல்லாருடைய தேங்காயும் சிதறுகிறது, என்னுடையது முழுசாக உருண்டு ஒரு மூலையில் போய் நின்றது. வீட்டுக்கு வந்து போனை அணைத்துப் போடலாம் என்றால் அதற்கும் பயம், எந்தப் பொத்தானைத் தொட்டால் மிச்சமிருக்கிற ஒரு இதயமும் கறுத்துப்போகுமோ. துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தேன். நாலு மணிக்கு ஸ்ரீப்ரியா தோசைக்கு அரிசி அளக்க டிரம்மைத் திறக்கிறாள், உள்ளேயிருந்து, "அழகியநம்பீ, எவிடெயா? இன்னு கண்டில்லல்லோ" என்கிறது. எங்கே இருக்கிறாய், இன்று காணவில்லையே என்று தேடுகிறது அத்தான். அவளோ, போனை அரிசியில போட்டா ஈரம் வலிச்சுக்கிடும், வாளியில விழுந்த அன்னைக்கே செஞ்சிருக்கணும் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள்.

ஆகவே அத்தான், நாளை காலை நாகர்கோவில் போகிற சரக்கு வண்டி டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் அக்காவிடம் பதமாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரவும். எனக்கு ஆண்பிள்ளை இல்லாத குறைக்குச் செல்வகணேஷ்தான் கொள்ளி வைக்க வேண்டியிருக்கும், அந்தத் தாடியை மட்டும் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆர்ஷாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை இருட்டின பிறகு தனியாகப் பாத்ரூம் போகமாட்டாள், வெளியே ஒரு ஆள் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு நின்றால் பயந்துவிடுவாள். இதுவரை நான்தான் நின்றேன். ஸ்ரீப்ரியாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது அத்தான், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். செல்வகணேஷுக்கு ஆசீர்வாதம், அவனாவது நூறு வயசு இருக்கட்டும்.

நாளை வரைக்கும் தங்கள் அன்பு மைத்துனன்,
அழகியநம்பி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. வண்டி இன்னும் புறப்படவில்லை. நானும் புறப்படவில்லை.

நேற்று இதை எழுதி மடித்த பிறகு மனசு கேட்காமல் ஸ்ரீப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதோடு நின்றேனா, போகிறவன் பாரத்தோடு போகக் கூடாதென்று, இத்தனை வருஷம் மறைத்ததையும் சொல்லித் தொலைத்தேன். என் ஜாதகத்தில் ஆயுளுக்குக் கண்டம் என்று ஜோசியர் சொன்னதிலிருந்து ஒன்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் முழுப் பட்டினி. அவள் பச்சைத் தண்ணீரோடு கிடப்பாள். நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டல் மாடியில் மூன்று பூரி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சோர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன். ஆந்தை சொன்னதை நான் ஒரே வார்த்தையில் நம்பினதே அதனால்தான். கேட்டதும் ஸ்ரீப்ரியா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பூரிதான தின்னீங்க, போட்டும் என்றாள்.

இன்று காலை ஆர்ஷா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மறுபடி அழ, ஸ்ரீப்ரியாதான் பக்கத்தில் உட்கார்த்தி விசாரித்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஹரணம் டெஸ்ட்டாம், டீச்சர் அதை விளையாட்டிலும் போட்டுவைத்தாராம், அது மட்டும் அவளுக்கு வரவே மாட்டேன் என்கிறதாம், ஆந்தையிடம் இரண்டு ஹார்ட்டைத் தொலைத்துவிட்டாளாம். மரணமில்லை அத்தான், ஹரணம். தண்ணீர் குடித்த போனுக்கு ஹ வரவில்லை, அந்த இடத்தில் ம-வை என் காதே போட்டுக்கொண்டது. பதினேழு மிட்டாயை மூன்று பேருக்குப் பங்கு போடுவதாம், நம்ம வகுத்தல். சங்கலனம் கூட்டல், மற்றது கழித்தல், குணனம் பெருக்கல். விளையாட்டு பேர் கேட்டபோது போனில் கிடந்த என் பேரே அதில் விழுந்துவிட்டதாம். இருபத்தாறு வருஷமாகச் சாலைக் கடைத்தெருவில் மலையாளம் பேசி வியாபாரம் செய்கிறேன், ஆனால் கணக்கை மட்டும் நாகர்கோவில் பள்ளிக்கூடத் தமிழில்தானே மனசுக்குள் போடுகிறேன், இந்த வார்த்தைகள் என் பக்கம் வந்ததே இல்லை.

தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். நடுவில் ஸ்ரீப்ரியாவின் சிரிப்பு மட்டும் நின்றது.

"அப்போ அந்தப் பூரி?" என்றாள்.

அவள் ஆர்ஷா பக்கம் திரும்பி, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை, ஒன்பது வருஷம், தடவைக்கு மூணு பூரி, மொத்தம் எத்தனை மக்களே என்று கேட்டாள். ஆயிரத்து நானூற்று நாலு என்றது பிள்ளை. ஒரு பூரிக்கு ஒரு வேளைப் பட்டினி, சனிக்கிழமைக்கு மூணு வேளை, அப்பா எத்தனை சனிக்கிழமை கிடக்கணும் என்றாள். ஆர்ஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டை எடுத்தாள். இரண்டு தடவை அழித்தாள். நானூற்று அறுபத்தெட்டு, மிச்சம் பூஜ்யம். எனக்கு ஹரணம் வந்துட்டு அம்மா என்று குதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

ஸ்ரீப்ரியா நோட்டை மூடி வைத்தாள். "ஒன்பது வருஷம். அது தீருமுன்ன நீங்க சாகப்பிடாது, கேட்டேளா" என்றாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது, ஆனால் முகத்தில் இரக்கம் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கக் கூடாது, அத்தானும் அக்காவும் படிக்கட்டும் என்பது அவள் உத்தரவு. நீங்கள் யாரும் வர வேண்டாம். நாளைக்குச் சனிக்கிழமை. அவள் கடைக்கு வந்து நாள் முழுக்க என் பக்கத்திலேயே உட்காரப்போகிறாளாம்.