அடிக்கீரை மகாத்மியம்

நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக மனித குலம் நினைவில் வைக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது கண்காணிப்பாளர் வீட்டு வாசலில் முதல் பண்ணைப் பெட்டி வந்து இறங்கிய சனிக்கிழமைதான். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கு அதில் எதை எப்படிச் சமைப்பது என்று தெரிந்திருக்காது. கண்காணிப்பாளருக்கும் தெரியாது. மேதைகளுக்குள் இப்படிச் சில ஒற்றுமைகள் இருக்கத்தான் செய்யும்.

அவர் ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகள் பிரிவின் கண்காணிப்பாளர். பத்தொன்பது வருட சேவையில் அவர் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பும் தொலைந்ததில்லை. மேஜையை விட்டு நகர்ந்ததும் இல்லை. வந்தது எதுவானாலும் பதிவு செய்து, எண் போட்டு, ஒரு பெயரும் வைத்துவிடுவார். அது என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்க மாட்டார். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். தெரியாது என்று ஆகிவிட்டால் அப்புறம் கண்காணிப்பாளர் எதற்கு?

ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஒருவர், பங்கு சேர்ந்தவர்களுக்கு அந்தந்தப் பருவத்தில் விளைந்த காய்கறிகளை வாரா வாரம் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டதும் அவர் உடனே சேர்ந்துவிட்டார். அலுவலகத்தில் மேலதிகாரி அதற்கு முந்தின வாரம்தான் சேர்ந்திருந்தார் என்பது தற்செயல்.

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் கூட்டம் கூட்டினார். தலைமை அவர். உறுப்பினர்கள் மனைவியும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும். இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று, இனி கடைக் காய் இந்த வீட்டுப் படி ஏறாது. இரண்டு, பெட்டியில் வரும் எதுவும், ஒரு காம்பு உட்பட, வீணாகக் கூடாது. கொள்கை வகுப்பது கண்காணிப்பாளர் பொறுப்பு. "செயலாக்கம்" மனைவியின் பொறுப்பு.

மனைவி பல்செட் கட்டிக்கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக ஊன்றும் நுணுக்கமான வேலை. வாரம் ஆறு நாளும் கூடம் உண்டு. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாங்க எனக்குப் படிக்கக் கிடைக்குது. தலைமைப் பணியாளர் பரீட்சைக்கு இன்னும் பதினாறு வாரம்தான் இருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. இதுலயும் போச்சுன்னா அப்புறம் எழுதவே விட மாட்டாங்க."

கண்காணிப்பாளர் கவனமாகக் கேட்டார். "உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதி, அடியில் கோடு போட்டார். அவர் அலுவலகத்தில் ஒரு கருத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

முதல் வாரம் பீட்ரூட்டோடு நான்கு முட்டைக்கோஸ் வந்தது. இரண்டாம் வாரம் ஐந்து. பருவம் அப்படி. ஞாயிறு காலை அடுப்படிக்குள் போன மனைவி, வதக்கி, வேகவைத்து, துருவி, மிஞ்சியதைச் சூப்பாக்கி மாலை வெளியே வந்தாள். பாடப்புத்தகம் அடுப்புக்குப் பக்கத்தில் பீட்ரூட் கறையோடு மூடியே கிடந்தது. அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம்தான் வரலாறு திரும்பியது. பெட்டியைச் சோதனையிட அவரே குனிந்தார். காய்களையெல்லாம் எடுத்த பிறகு, அடியில் நீளநீளமாக, சொரசொரப்பாக, விரலைக் கீறும் விளிம்போடு ஒரு அடுக்கு இலை இருந்தது. கூட வந்த சீட்டில் அதன் பெயர் இல்லை. வேறு யாராவது இருந்தால் பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, இது என்னங்க என்று அற்பத்தனமாகக் கேட்டிருப்பார்கள். கண்காணிப்பாளர் பதிவேட்டைத் திறந்தார். பெட்டியின் அடியில் இருந்ததால் "அடிக்கீரை" என்று பெயர் வைத்து, எண்ணும் போட்டார்.

அத்தோடு விடவில்லை. பங்குதாரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் இருபத்திரண்டு குடும்பங்கள். அதில் படத்தோடு ஒரு குறிப்பு எழுதினார். அடிக்கீரை ரத்தத்தைச் சுத்திகரிக்கும், எலும்பை இறுக்கும், கோபத்தைத் தணிக்கும் என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சின்ன வயதில் இதைத் தின்றுதான் வளர்ந்ததாக உடனே சாட்சி சொன்னார். மேலதிகாரி கைகூப்பும் படம் ஒன்று போட்டார். அதற்குப் பிறகு அது கீரை இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த ஞாயிறு மனைவி அதைக் குக்கரில் போட்டாள். இரண்டு மணி நேரம் விசில் அடித்து ஓய்ந்தது. போன மாதிரியே வெளியே வந்தது இலை. மகள் ஒரு வாய் எடுத்துப் போட்டு நெடுநேரம் மென்றாள்.

"அப்பா, இது முடியவே மாட்டேங்குது."

"அதுக்குப் பேர்தான் நார்ச்சத்து" என்றார் கண்காணிப்பாளர், தம் தாடையைத் தடவிக்கொண்டே.

அதே ஞாயிறு தலைமையாசிரியர் வீட்டில் அடிக்கீரையின் முதல் கவளத்திலேயே அவருடைய பல்செட் இரண்டாகப் பிளந்தது. "ஆராய்ச்சிக்கான முதல் தியாகம்" என்று கண்காணிப்பாளர் குழுவில் இரங்கல் தெரிவித்தார். புதன்கிழமை அந்தத் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தலைமையாசிரியரின் மனைவி பல் கூடத்துக்கு வந்தாராம். அன்று மாலை மனைவி வீடு திரும்பியபோது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. கண்காணிப்பாளர் அதைக் கீரையின் பலன் என்று பதிவு செய்தார்.

அடுத்த ஞாயிறு அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் பவ்யமாக நின்றாள்.

"இது என் கைக்கு அடங்கலைங்க. நான் வெறும் செயலாக்கம். பேர் வச்சவரே தொட்டாத்தான் அது வேகும்போல இருக்கு."

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சரியாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டதில்லை என்று கண்காணிப்பாளருக்கு நெஞ்சு நிறைந்தது. ஏப்ரனைக் கட்டினார். அடுப்படிக் கதவில் "ஆராய்ச்சி நடைபெறுகிறது" என்று எழுதி ஒட்டினார். அன்று முதல் ஞாயிறுதோறும் அவர் உள்ளே, அவள் வெளியே. ஊறவைத்தார், இடித்தார், அரைத்தார். மிக்ஸியின் பிளேடு மழுங்கியது. சுத்தியலும் ஒரு சமையல் கருவிதான் என்ற உண்மையைக் கண்டுபிடித்தார். அவருடைய கவனமெல்லாம் இலையில் இருந்ததால் இரண்டாம் தீர்மானம் திருத்தப்பட்டது: "இதர இனங்களை" அரை மணியில் வேகவைத்தால் போதும், மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

முன்னறையில் மனைவி புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள். மகள் கேள்வி கேட்பாள், அவள் பதில் சொல்வாள். வீடு அமைதியாக இருந்தது. சுத்தியல் சத்தத்தைத் தவிர.

குழுவிலும் தீ பரவியது. இருபத்திரண்டு வீட்டு ஆண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கீரையோடு மல்லுக்கட்டினார்கள். படங்கள் போட்டார்கள். "நேற்று ஏறக்குறைய வெந்துவிட்டது" என்று மேலதிகாரி எழுதிய அன்று கண்காணிப்பாளருக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை. நடுவில் ஒருமுறை பண்ணைக்காரர், "பெட்டியைத் திருப்பித் தரும்போது தயவுசெய்து உள்ளே இருப்பதோடு தரவும்" என்று சீட்டில் எழுதி அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் எழுத்து அவ்வளவு வராது போலிருக்கிறது என்று கண்காணிப்பாளர் பெருந்தன்மையோடு மன்னித்தார். காலிப் பெட்டியை இன்னொரு முறை கழுவி அனுப்பினார்.

பதினாறாம் வாரத் தொடக்கத்தில் பரீட்சை நடந்தது. வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. "தேறிட்டேங்க" என்றாள் மனைவி. சந்தோஷத்தில் அவளுக்கு நிற்கத் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. "ரொம்ப நல்லது. அந்தப் பெரிய தூக்கு எங்க இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் பங்குதாரர் கூட்டம். அவர் சிறப்புரை.

மரத்தடியில் நாற்பது நிமிடம் பேசினார். பதிவேட்டிலிருந்து வாசித்தார். தூக்கைத் திறந்து, பதிமூன்று வார உழைப்பின் சாரமான பச்சைக் கூழை எல்லோருக்கும் காட்டினார். மேலதிகாரியே எழுந்து கைதட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்துதான் கைதட்டல் பலமாக வந்தது. ஏனோ பலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பண்ணைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"சார் தப்பா நினைக்கக் கூடாது. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். சார் வீட்டுல எத்தனை மாடு நிக்குது?"

கண்காணிப்பாளருக்குக் கேள்வியின் ஆழம் பிடிபடவில்லை. மாடு இல்லை என்றார்.

"அப்ப அந்த மக்காச்சோளத் தோகையை எல்லாம் என்ன சார் பண்றீங்க? காய் அடிபடாம இருக்கறதுக்கு அடியில போடறது அது. முன்னெல்லாம் பெட்டியோட திரும்பி வந்துடும், மாட்டுக்குப் போட்டுடுவேன். மூணு மாசமா ஒரு வீட்டுல இருந்தும் வரலை. மாடு என்னை மொறைச்சுப் பாக்குது."

கட்டுத்தறியிலிருந்து அந்த மாடு கத்தியது. யாரோ தூக்கைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தார்கள். மாடு முகர்ந்தது. கண்காணிப்பாளரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

திரும்பும் பேருந்தில் பாதி வழி வரை அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"அந்தப் புதன்கிழமையே தெரியும். பல்செட்டுல சிக்கியிருந்த நாரைப் பாத்துட்டு நானும் வாத்தியார் வீட்டம்மாவும் பண்ணைக்குப் போன் பண்ணி, பெட்டிக்கு அடியில போடறது என்னன்னு கேட்டோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருபத்திரண்டு வீட்டுலயும் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்லலை. யாருக்கு மனசு வரும்? கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நீங்க அடுப்படிக்குள்ள வந்ததே அந்தத் தோகைக்காகத்தான்."

கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெட்டி வந்தது. அடியில் இலை இல்லை. பண்ணைக்காரர் பழைய செய்தித்தாளுக்கு மாறிவிட்டிருந்தார். மேலே கத்தரிக்காயும் முள்ளங்கியும் இருந்தன. மறுநாள் காலை மனைவி ஏப்ரனை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? சாதாரணக் காய்தானே. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளோடு நாற்காலியில் சாய்ந்தார்.

அவள் ஏப்ரனை ஆணியில் மாட்டினாள். பிறகு போனை எடுத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க பெட்டிக்கு மட்டும் பழையபடி அந்தத் தோகையையே போட்டு அனுப்புங்க. கொஞ்சம் கூடவே போடுங்க." மறுமுனை என்னவோ கேட்டது. அவள் நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆமாண்ணே, அன்னிக்கு அவர் மாடு இல்லைன்னு தெரியாம சொல்லிட்டார். இங்க ஒண்ணு நிக்குது."