மாப்பிள்ளை மறந்து வைத்துப்போன அக்கவுண்ட்

பூதலூர் பக்கம்,
புரட்டாசி, மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை இளவழகன் அவர்களுக்கு, மாமனார் வைரக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை செந்தாமரை, பசு, கன்று, பம்புசெட் எல்லோரும் சௌக்கியம். பம்புசெட்டுக்கு மட்டும் லேசான இருமல். அங்கே உங்கள் சௌக்கியமும் மகள் இசைவாணியின் சௌக்கியமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது மாமா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் வாணி வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் சொல்லப்போவது ஸ்பீக்கர் தாங்காத விஷயம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. அழுதது நான்தான்.

ஆவணியில் உங்களைப் பார்க்கச் சென்னைக்கு வந்திருந்த உங்கள் அம்மா, செந்தாமரையைப் போனில் கூப்பிட்டார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி, எங்க புள்ள மனசொடஞ்சு கெடக்கான் போல. டிவியப் போட்டா அவன் பேருக்குக் கீழ வரிசையா அழுவாச்சிக் காதல் கதையா நிக்குது. பாத்ததையே மறுபடி பாக்கச் சொல்லி வேற வருது. உங்க பொண்ணு அவன ஏதாச்சும் சொல்லிருச்சா?" என்று கேட்டார்களாம். செந்தாமரை போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ரிமோட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். அரிசிக்குள் கையை விட்டு ரிமோட்டைத் தேடுவதிலேயே பொழுது போய்விட்டது.

நடந்தது இதுதான். போன தடவை வந்திருந்தபோது கிரிக்கெட் பார்ப்பதற்காக எங்கள் டிவியில் உங்கள் அக்கவுண்டைப் போட்டீர்கள். கிளம்பும்போது ஒரு துண்டு, ஒரு சார்ஜர், அந்த அக்கவுண்ட் மூன்றையும் மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள். துண்டைத் துவைத்து, சார்ஜரை அதற்குள் சுருட்டி, சென்னைக்குப் போன பக்கத்து வீட்டு ராம்கியிடம் கொடுத்தனுப்பினோம். அக்கவுண்டை எப்படிச் சுருட்டி அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பொருளில் கை வைப்பதா என்று கொஞ்ச நாள் டிவி பக்கமே போகாமல்தான் இருந்தேன். அப்புறம் ஒரு மழை நாள், வேலையில்லை, கை சும்மா இருக்கவில்லை. அமுக்கினால் "யார் பார்க்கிறீர்கள்?" என்று அது கேட்டது. உங்கள் பெயர், வாணியின் பெயர், குழந்தைகள் என்று மூன்று கதவு. கட்டிக்கொடுத்த மகளின் கதவைத் தட்டாமல் திறப்பது அநாகரிகம். குழந்தைகள் கதவுக்குள் போனேன். ஒரு யானைக்குட்டி ஏபிசிடி சொல்லிக்கொடுத்தது. நான் பிளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போன காலத்தில் அந்த யானைக்குட்டி வந்திருந்தால் என் கதையே வேறு. அங்கேயும் உட்கார முடியாமல், மாப்பிள்ளை நல்ல மனிதர், மன்னிப்பார் என்று உங்கள் கதவுக்குள் நுழைந்தேன்.

உள்ளே "மழைக்காலத்துச் சூப்புக் கடை" என்று ஒரு கொரியா தொடர். ஆட்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், வாய் மட்டும் வேறு எதையோ சொல்கிறது. அப்பா அம்மா இல்லாத ஒரு பெண் சூப்புக் கடை வைத்திருக்கிறாள். ஒரு பெரிய கம்பெனி முதலாளியின் மகன் மழைக்கு ஒதுங்க வருகிறான். இரண்டு பேரும் ஒரே குடையைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் மாப்பிள்ளை, அதற்கே ஒரு எபிசோடு ஓடிவிடுகிறது. ஐந்து விநாடியில் அடுத்தது தானாக ஆரம்பிக்கிறது. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் கதை மறுபடி மழைக்கு வந்துவிடுகிறது. நடுநடுவே "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் என்னை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

என்னை மட்டும் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் தெரு கல்யாணம் சார், ரிட்டையர்டு வாத்தியார், பனி நாட்டுக் கொலைத் தொடராகப் பார்க்கிறார். பாதி இருட்டு, மீதி பனி, கீழே எழுத்து. ஒரு தொடர் முழுக்கப் பார்த்து முடித்தும் கொன்றது யார் என்று சொல்லாமல் ஒரு ஏரியைக் காட்டி முடித்துவிட்டார்களாம். அதிலிருந்து அவருக்கு ஊரில் எல்லோர் மேலும் சந்தேகம். போன வாரம் அவர் வீட்டுக் கோழி ஒன்று காணவில்லை. பால்காரரை வாசலில் நிறுத்தி, "சம்பவத்தன்னிக்கு நீ எங்க இருந்த?" என்று கேட்டார். "பால்தான் சார் ஊத்திக்கிட்டு இருந்தேன், உங்க வீட்ல" என்றார் அவர். சார் அதையும் நம்பவில்லை.

என் பைத்தியத்தால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. அதைச் சொன்னால்தான் இந்தக் கடிதத்தின் அவசரம் உங்களுக்குப் புரியும். இந்த வருஷம் சம்பா நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் வயலுக்கு மிஷின் இறங்காது, நடுவில் அடுத்தவர் வயலைத் தாண்ட வேண்டும். இருப்பது கண்ணாத்தாள் அக்காவின் கூட்டம் ஒன்றுதான். மேலக்கரை ஆனந்தம் அண்ணன் வேளாவேளைக்கு டீயும் சுடச்சுடப் பஜ்ஜியும் கொடுத்து அவர்களை வளைத்து வைத்திருந்தார். ஒரு நாள் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னா தம்பி கண்ணு செவந்து கெடக்கு, வீட்ல சண்டையா?" என்றது. சண்டை இல்லை, சூப்புக் கடை என்று ஆரம்பித்தேன். வரப்பில் நின்று நான் சொல்லச் சொல்ல, பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே நட்டார்கள். பொழுது சாய்ந்தபோதுதான் மறுநாள் நட வேண்டியதையும் சேர்த்து நட்டுவிட்டோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. அடுத்த நாள் பஜ்ஜியை விட்டுவிட்டு என் வயலுக்கு வந்தார்கள்.

அவர்கள் கேட்கிற கேள்வியைக் கதை எடுத்தவர்கள் கேட்டால் தொழிலை விட்டுவிடுவார்கள். கதாநாயகன் தூறலில் நனைந்து காய்ச்சலில் படுத்தான் என்றேன். அப்போது இங்கே கொட்டுகிற மழை.

"தூத்தலுக்கே ஜொரமா? ஏசியில வெளஞ்ச பய போலருக்கு," என்றாள் ராசம்மாள், தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு.

எபிசோடுக்கு எபிசோடு பச்சைப் பாட்டிலில் எதையோ ஊற்றிக் குடிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று, ஓமத்தண்ணி என்றேன்.

"அந்த ஊர்ல எல்லாருக்குமா அஜீரணம்?"

அப்புறம் அவன் மேல் லாரி மோதி, அந்தப் பெண்ணைப் பற்றிய ஞாபகம் மட்டும் அழிந்துபோகிறது. ராசம்மாள் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டாள். "லாரி மோதுனா கை காலு போவும். அது எப்படிண்ணே அந்தப் பொண்ணு நெனப்பு மட்டும் போவுது?"

"ஆம்பளைக்கு அது லாரி மோதாமலே போவும், நீ நடு," என்றது கண்ணாத்தாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் அவன் கண்ணைத் திறக்கிறான். எதிரே அவள். அவன் வாயைத் திறக்கிறான். அந்த இடத்தில் எபிசோடு முடிந்தது, நானும் அன்றைக்கு அதோடு முடித்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி டிவியைப் போட்டால், "இந்த டிவி உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல" என்கிறது! ரேஷன் கார்டில் வாணியின் பெயரை நீக்கி உங்கள் கார்டில் சேர்க்க தாலுகா ஆபீசுக்கு அலைந்தவன் நான். அங்கேகூட இவ்வளவு வெடுக்கென்று பேசவில்லை. கீழே "கோடு அனுப்பவா?" என்று ஒன்று இருந்தது. அனுப்பு என்று அமுக்கிவிட்டேன். அது உங்கள் போனுக்குப் போகும் என்று யார் கண்டது? உடனே நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"மாமா, என் அக்கவுண்ட்டுக்குள்ள யாரோ வரப் பாக்குறாங்க, கோடு வந்துருக்கு. நீங்களா?"

ஆமாம் மாப்பிள்ளை என்று சொல்ல மனசு இருந்தது. வாய் இல்லை. கொடுத்துப் பழகிய மாமனார் வாய்க்கு மாப்பிள்ளையிடம் கேட்க வரவில்லை. "சேச்சே! நான் நியூஸ் தவுத்து வேற பாக்குறதே இல்ல மாப்ள. எவனோ திருட்டுப்பய. ஒடனே பாஸ்வேர்ட மாத்திடுங்க" என்றேன். "நல்ல யோசனை மாமா" என்று நீங்களும் மாற்றிவிட்டீர்கள். பெரியவர் சொல் கேட்கும் மாப்பிள்ளை கிடைத்ததை நினைத்து அன்று முதல் வருந்திக்கொண்டிருக்கிறேன். அந்தத் திருட்டுப்பய நான்தான்.

மறுநாள் வரப்பில் ஏறியதும் ஒரே குரலாக, "கண்ணத் தொறந்து என்னா சொன்னான்?" என்றார்கள்.

"தண்ணி கேட்டான்," என்றேன்.

அதை வைத்து ஒரு காலைப்பொழுதை ஓட்டினேன். மேற்கொண்டு சொல்ல எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? சூப்புக் கடை புறம்போக்கில் இருப்பதாக வில்லன் மனு கொடுத்தான். பட்டா மாறுதல் தகராறு வந்தது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, வரைபடம் கிழிந்திருக்கிறது, அப்புறம் வா என்றார். "அங்கயும் இதே கதிதானா!" என்று கூட்டமே கொதித்தது. கொரியாவை அவர்களுக்கு இவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வினை ராசம்மாள் வாயிலிருந்து வந்தது. "ஏண்ணே, இம்புட்டுக் கஷ்டம் வருதே, அந்தப் பொண்ணுக்கு அப்பன் ஆத்தா யாரும் இல்லயா?"

இல்லை என்றால் முடிந்தது. என் நாக்கு, "அப்பா இருக்காரு. ஊர்ல. நெல்லுதான் போடுறாரு" என்றது. அதோடு கதாநாயகனைக் கைகழுவிவிட்டார்கள் மாப்பிள்ளை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கிடக்கட்டும், அப்பா சாப்பிட்டாரா, அப்பாவுக்கு யார் துணை என்பதே கேள்வி.

"பொண்ணு போனாச்சும் பண்ணுமா?"

"நாமதான் பண்ணணும். எடுப்பா. மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்பறம் பேசுறேன்னு வச்சிடுவா."

"சூப்புக் கடையில என்னாண்ணே மீட்டிங்?"

சிக்னல் இல்லை என்று பேச்சை மாற்றினேன்.

இப்போது கடைசி மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், பாக்கி. சேடை ஓட்டிச் சேறாக்கி வைத்திருக்கிறேன். நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. இன்னும் தாமதித்தால் நட்டும் தூர் வெடித்துக் கிளைக்காது, அந்த மூன்று மா விளைச்சலும் போச்சு. மழையால் வேலை நிற்கிறது. வயல் வடிந்ததும் வருவோம், ஆனால் அந்தப் பெண் அப்பனைப் பார்க்க ஊருக்கு வருகிறாளா இல்லையா என்று சொன்னால்தான் சேற்றில் கால் வைப்போம், இல்லாவிட்டால் ஆனந்தம் அண்ணன் வயலுக்குப் போனால் பஜ்ஜியாவது கிடைக்கும் என்று கண்ணாத்தாள் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நான் விட்ட புளுகை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிஜக் கதையின் முடிவு தெரிந்தால் அதில் கொண்டுபோய் ஒட்டிவிடுவேன்.

ஆகவே பெரிய மனசு பண்ணிப் புதுப் பாஸ்வேர்டைத் தெரிவிக்க வேண்டும். என் போனை செந்தாமரையும் பார்ப்பாள். "உரம் வந்துவிட்டது" என்று ஆரம்பித்துக் கீழே எழுதுங்கள், உரச் செய்தியை அவள் படிக்கமாட்டாள். எனக்கென்று தனியாக ஒரு பெயரும் போட்டுக்கொடுத்தால் உங்கள் மானம் பிழைக்கும். "பம்புசெட்" என்று போடுங்கள், வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டாலும் இது உங்களுக்குக் கிடைப்பதற்குள் வயல் வடிந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மாப்பிள்ளையிடம் போனில் வாய்விட்டுக் கேட்கும் அளவுக்கு நாற்று இன்னும் முற்றவில்லை.

உங்கள் மனசு ஒடியவில்லை, நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் வாணியும் தண்ணீர் கட்டிய வயல் மாதிரி குளிர்ந்து இருக்க வேண்டும். நடுவில் விளம்பரம் வராத வாழ்க்கையாக உங்களுக்கு அமைய வேண்டும் என்று எங்கள் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
வைரக்கண்ணு

பின்குறிப்பு: வியாழக்கிழமை எழுதுவது. மழையில் தபாலாபீசுக்குப் போக முடியவில்லை. அதற்குள் வயல் வடிந்து கூட்டமும் வந்துவிட்டது. வரப்பில் வரிசையாக நின்றுகொண்டு, "வருதா, வரலையா?" என்றார்கள். "எறங்குங்க, சொல்றேன்" என்றேன். இறங்கினார்கள். பாதி வயல் வரைக்கும் கதையில் அவள் ஏறி வரும் பஸ்ஸை ஓட்டினேன். அப்புறம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள்.

"வூட்டுக்கா?"

"இல்ல. நேரா வயலுக்கு."

"அந்த ஞாபகம் போன பய?"

"அவரும் கூடவே வந்தாரு. லீவு போட்டுட்டு."

"ஞாபகம் வந்துருச்சா அவனுக்கு?"

"வராமயா வழி கண்டுபுடிச்சு வந்தான்?" என்றது கண்ணாத்தாள் அக்கா. ராசம்மாள் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மாவும் நட்டு முடிந்தது.

ஆகையால் பாஸ்வேர்டு வேண்டாம் மாப்பிள்ளை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் தராதீர்கள், நானே கேட்டாலும் தராதீர்கள். நிஜக் கதையில் அந்தப் பெண்ணுக்கு அப்பாவே கிடையாது என்று தெரிந்தால் ராசம்மாள் நட்டதைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள்.

வாய்க்காலில் கால் கழுவும்போது கண்ணாத்தாள் அக்கா, "நம்ம இசைவாணி எப்ப தம்பி வருது?" என்று கேட்டது. "அடுத்த சீசன்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த சீசனை எடுக்கிறார்களா இல்லையா என்று எனக்கே தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.