பங்குனி முப்பதும் அம்மைகுத்தியாரும்

கூட்டம் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. கூட்டத்தைக் கலைப்பதில் எங்கள் திண்டிவனத்து அம்மைகுத்தியாரை மிஞ்ச வெள்ளைக்காரன் போலீசில்கூட ஆள் கிடையாது. தடி வேண்டாம், குதிரை வேண்டாம். கையில் தகரப் பெட்டியோடு அவர் தெருமுனையில் திரும்பினால் போதும். அடுப்பில் கேப்பைக் கூழ் கொதிக்கக் கொதிக்க வீடு காலியாகிவிடும்.

பெரியம்மை வராமலிருக்க எல்லோர் கையிலும் அம்மை குத்தும்படி சர்க்கார் அவரை அனுப்பியிருந்தது. மாரியம்மன் பார்த்துக்கொள்வாள், நடுவில் இந்த ஆள் யார் என்று ஜனங்கள் கேட்டார்கள். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். மூன்று வருஷம் ஒரே அறையில் குடியிருந்த எனக்கே அது தெரியாது. எனக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு மை முத்திரை குத்துகிற மகத்தான உத்தியோகம். வெயில் காலத்திலும் நான் சட்டையைக் கழற்றுவதில்லை. சளி உடம்பு என்று சொல்லிவைத்திருந்தேன். அவரும் நம்பினார்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு பங்குனி பிறக்கும்போது, புதுச்சேரிப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சாயப் பெட்டியோடு வந்து நின்றார்.

"பங்குனி முப்பது நாளும் தினம் ஒரு ஆளு, தினம் ஒரு படம். அதுல ஒரு மூஞ்சியாவது சிரிச்சிக்கினு இருக்கணும். இல்லன்னா பெட்டி ஏரியில."

"யாரோட பந்தயம், சார்?"

"என்னோடதான். வேற எவன் என்கூடப் பேசறான்?"

"படம் போடத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான முப்பது நாளு."

சிரிச்ச மூஞ்சி எதற்கு என்றேன். "பதினெட்டு வருசமா இந்தப் பக்கத்து ஜனங்க கையைத் தொட்டுக்கினு இருக்கேன், தம்பி. ஒருத்தரும் அழாம என்னைப் பாத்ததில்ல" என்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கொட்டாவி விட்டேன்.

வாங்கினதுதான் வாங்கினார், மரப்பெட்டியாக வாங்கியிருக்கக் கூடாதா? அதுவும் தகரம். அம்மை குத்துகிற பெட்டிக்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தது. முதல் நாள் அடுத்த தெருவில் சாத்திய கதவு. கதவிடுக்கில் தெரிந்த ஒற்றைக் கண்ணை வரைந்துகொண்டு வந்தார். நாலாம் நாள் கண்டாச்சிபுரம் சந்தையில் ஒருவன் பனைமரத்தில் ஏறிக்கொண்டான். இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் கிடைத்தன. பத்து நாளில் ஓடுகிற முதுகு வரைவதில் கை தேர்ந்துவிட்டார்.

அமாவாசையன்று மேல்மலையனூர் போனார். எள் விழ இடமில்லாத கூட்டம், எவனும் ஓட முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். அங்காளம்மன் சந்நிதிக்கு எதிரே பெட்டியைத் திறந்தார். அடுத்த நிமிஷம் அம்மனும் அவரும் மட்டும் இருந்தார்கள். அமாவாசையில் இடிபடாமல் தரிசனம் செய்த ஒரே பக்தர் அவராகத்தான் இருக்கும்.

விட்டாரா? விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனார். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே ஓடுவான்? மூன்றாம் வகுப்புச் சன்னலோரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளைப் பார்த்துப் பென்சிலை நீட்டினார். "ஐயையோ, அம்மகுத்தி ரயிலுக்கே வந்துட்டான்டி!" என்று ஒரு கூச்சல். அந்த ரயில் பெட்டி ஜனம் முழுக்க மறுபக்கம் தண்டவாளத்தில் குதித்துவிட்டது. அன்றைய படம், காலிப் பலகையும் ஒரு வெற்றிலைப் பையும்.

"பையும் ஆளு கணக்கா, சார்?"

"சிரிக்காத. கடைசி நாளுக்கு உன் மூஞ்சிதான். அப்ப சிரி."

இருபத்தொன்பதாம் நாள் முகையூரில் அம்மை கண்டிருந்தது. அங்கே போய்வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

முப்பதாம் நாள் சாயங்காலம் சன்னலோரம் என்னை உட்கார வைத்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிய இளித்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"சட்டை பூரா மை. கழட்டு."

"சளி, சார்."

"அடச்சீ, கழட்டுன்றேன்!"

கழற்றினேன். அவர் என் கையைப் பார்த்தார். இந்தக் கை, அந்தக் கை.

"அம்மை குத்தின தழும்பு எங்க?"

"எங்கம்மா கேப்பைக் குதிருல ஒளிச்சி வச்சிட்டாங்க, சார்."

"எப்ப?"

"சின்ன வயசுல. நீங்க எங்க ஊருக்கு வந்தப்பதான்."

தூரிகையைக் கீழே வைத்தார். அம்மை குத்துகிற பெட்டியை எடுத்தார்.

"சார், படத்த முடிச்சிட்டுக் குத்துங்க. சிரிச்சிக்கினே இருக்கேன்."

"முடிச்சா ஓடிடுவ. மாசம் பூரா முதுகையே வரைஞ்சிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? நேத்து முகையூர்ல உன் வயசுப் பையன் ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான்கு இடத்தில் குத்தினார். நான் போட்ட கூச்சலில் கீழே காப்பிக் கடைக்காரர் பாதி டம்ளரோடு மாடி ஏறி வந்தார். பிறகு அம்மைகுத்தியார் நிதானமாகத் தூரிகையை எடுத்து, வெளிச்சம் போவதற்குள் முப்பதாவது படத்தை முடித்தார். முப்பது நாள், முப்பது படம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூஞ்சி என்று முழுசாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் அழுமூஞ்சி.

மறுநாள் சித்திரை ஒன்று. ஊரெல்லாம் பாயசம். இவர் சாயப் பெட்டியோடு ஏரிக்கரைக்குப் போனார். வலிக்கிற கையோடு பின்னாலேயே ஓடினேன்.

"சார், இங்க பாருங்க" என்று பல்லைக் காட்டினேன்.

"இப்ப இளிச்சி இன்னா பிரயோசனம்? பங்குனி நேத்தே போயிடிச்சி."

வீசினார். வெயில் காலத்து ஏரியில் தண்ணீர் ஏது? காய்ந்து வெடித்த சேற்றில் பெட்டி 'டணார்' என்று விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட ஓடின. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் இறங்கிப் போய் எடுத்துவந்து அவர் கட்டிலுக்கடியில் வைத்தேன். பார்த்துவிட்டு, காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

அந்தக் கோடையில் அம்மை எங்கள் தெருவுக்கும் வந்தது. இந்தப் பக்கம் ஒரு வீட்டில் அழுகை, அந்தப் பக்கம் ஒரு வீட்டில் அழுகை. எனக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தப் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. யார் இந்த அழுமூஞ்சி என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான்தான் என்கிறேன். பதினெட்டு வருஷம் காத்திருந்த ஒரு சிரிப்பை எனக்காக விட்டுக்கொடுத்த மனிதர் அவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் அந்தப் படத்துக்கு எதிரே நின்று ஒரு முறை நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். பங்குனி போனால் போகட்டும், சார்.