நான் போட்ட வழியும் பெரிய கிராணியார் ஓடிய வழியும்

அழகான இடத்தை ஒருவன் தனியாகப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதை மற்றவர்களுக்கும் காட்டியே தீருவேன் என்று கிளம்பும்போதுதான் வினை தொடங்குகிறது. நான் ஒருமுறை ஒரு சங்கத்துக்கே காட்டக் கிளம்பினேன்.

நாள் குறிப்பிடாமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தேதியே வழக்கில் இருக்கிறது. தைப்பூசம் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை என்பது என் கட்சி. இல்லை, மூன்றாவது சனி, மாசி பிறந்துவிட்டது என்பது என் மனைவியின் கட்சி. பினாங்குக் கொடிமலைக்கு ரயில் விட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, பட்டணத்தில் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பதில் மட்டும் எங்களுக்குள் சமாதானம்.

அப்போது நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்களுக்கு மேலே பெரிய கிராணியார் சிவக்கொழுந்து. ஆபீசில் எங்களை ஆண்டது போதாதென்று, மாலையில் எங்கள் வாலிபர் சங்கத்துக்கும் அவரே தலைவர். (அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வாலிபர்களில் யாருக்கும் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.)

வெள்ளைக்காரத் துரைகள் சனிக்கிழமைகளில் காகித ஓட்டம் என்று ஒன்று ஓடுவார்கள். ஒருவன் ‘முயல்’. அவன் பை நிறையக் கிழித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் கிளம்பி, காட்டிலும் மேட்டிலும் தூவிக்கொண்டே போவான். மற்றவர்கள் ‘வேட்டை நாய்கள்’. காகிதத்தைப் பார்த்துப் பின்னாலேயே ஓடிப்போய் அவன் இருக்கும் இடத்தைச் சேர வேண்டும். நாமும் ஓடினால் என்ன என்று சங்கத்தில் பேச்சு வந்தது.

“எல்லாம் சரி. தலைவரும் நாயா?” என்று கேட்டார் பெரிய கிராணியார்.

அந்தப் பெயர் உடனே தீர்மானம் போட்டு நீக்கப்பட்டது. முயலாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மலையும் காடும் சுற்றுகிறவன் நான் ஒருவன்தான் என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. பெரிய கிராணியாருக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். எனக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ரத்தினம், ஓட்டம் முடியிற இடத்துக்கு வீட்டுல பலகாரம் கொண்டு வருவாங்க. பாக்கியமும் வரும்” என்றார் அவர், பேனாவைத் துடைத்துக்கொண்டே. “தாம்பூலத் தட்டும் வரும். காரியம் ஒழுங்கா நடந்தா அங்கேயே ஒரு வார்த்தை பேசி முடிச்சிடலாம். ஒரு வழியை ஒழுங்காப் போடத் தெரிஞ்சவன் குடும்பத்தையும் ஒழுங்கா நடத்துவான். என்ன?”

நான் தலையை ஆட்டிய வேகத்தில் மேசையில் இருந்த மை சிந்தியது.

அன்று முதல் நான் வழி தேடிய அழகைச் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு வழி தேடுகிறவன் தூரம் பார்ப்பான், மேடு பார்ப்பான். நான் படித்தவன் ஆயிற்றே, திணை பார்த்தேன். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்கு மூங்கில் காடு, மருதத்துக்குச் சீனர்களின் காய்கறித் தோட்டம், நெய்தலுக்கு மேட்டின் உச்சியில் நின்றால் தெரியும் கடலும் அக்கரையும். நடுவில் ஜாதிக்காய்த் தோட்டம் ஒன்று. அதற்கு எந்தத் திணை என்று தெரியாமல் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. முடிவில், தண்ணீர்மலைக்குப் பின்னால் காட்டோடை ஒன்று பாறையில் விழுந்து குளமாக நிற்கும் இடம். ஓடி வருகிறவன் மூச்சு வாங்க நிற்கிற இடத்திலெல்லாம் கண்ணுக்கு ஒரு காட்சி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

“பாலை எங்கடா?” என்று கேட்டான் காசிம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் அவன் வாப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. சங்கத்திலேயே வேகமாக ஓடுகிறவன், பேச்சுக்குப் பேச்சு மலாய் ‘லா’ ஒட்டுகிறவன் அவன்தான்.

“பாலை சேர்க்கலை.”

“பெரிய கிராணியார் ஓடுறார்ல? நாக்கு வறண்டா பாலை தானா வந்துரும் லா.”

குறித்த சனிக்கிழமை ஆபீஸ் அரை நாளோடு மூடியதும் கிளம்பினேன். காகிதத்தைச் சிக்கனமாகவே தூவினேன். (கை நிறைய அள்ளிப் போடுவது அழகைக் கெடுக்கும் என்று நினைத்தேன்.) ஓரிடத்தில் மட்டும் என் வழி தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறப் புதருக்குள் மேடேறியது. அங்கும் நாலு துண்டுதான் போட்டேன். பிறகு உச்சி ஏறி, இறங்கி, ஓடைக்கு வந்து சேர்ந்தேன்.

பாக்கியமும் அவள் அம்மாவும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பாறைமேல் வடைத் தூக்கு, கேசரித் தூக்கு, இளநீர், துணி போட்டு மூடிய தாம்பூலத் தட்டு. நான் சற்றுத் தள்ளி, வீரனாகத் தோன்றும்படி ஒரு காலை உயரமான கல்லில் வைத்து நின்றேன்.

யாரும் வரவில்லை. கால் மரத்துப்போனதால் மாற்றி வைத்தேன். அப்போதும் யாரும் வரவில்லை. அம்மா மரத்தில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். குறிஞ்சி நிலத்தில் இளைஞனும் பெண்ணும் தனித்திருந்தால் என்ன பேச வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் குரங்குகளைப் பற்றிப் பேசினோம்.

“அந்தப் பெரிய குரங்கு வடைத் தூக்கையே பாக்குது” என்றாள் பாக்கியம்.

“பயப்படாதீங்க. நான் இருக்கேன்.”

“உங்களையும் ஒரு மாதிரியாத்தான் பாக்குது.”

அங்கே கீழே நடந்ததைக் காசிம் பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறான். பெரிய கிராணியார் மூடிய கோட்டும் தலையில் தொப்பியும் கக்கத்தில் குடையுமாக முன்னால் ஓடினாராம். அவரை முந்தக்கூடாது என்று சங்க விதி கிடையாது. ஆபீஸ் விதி உண்டு. ஆகவே காசிம் உட்பட அத்தனை வாலிபர்களும் ஐம்பது வயதின் வேகத்தில், ஓடுவதுபோல் நடந்தார்கள். அவர்கள் தார்ச்சாலைக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சாலை வழியே ஒரு சீனர் சவ ஊர்வலம் போய்விட்டது.

சீனர் சவ ஊர்வலத்தில் வழி நெடுக என்ன தூவுவார்கள் என்பது பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். காகிதம்! ஆவிகளுக்கு வழிக்கூலியாக அள்ளி அள்ளி இறைப்பார்கள். ஆனால் குனிந்து காகிதம் மட்டுமே பார்த்து ஓடுகிறவனுக்கு அது நினைவுக்கு வராது.

“பாத்தியா, இங்கதான் பையனுக்குக் கை தாராளமா வந்திருக்கு!” என்று குடையால் சாலையைக் காட்டினாராம் பெரிய கிராணியார். என் நாலு துண்டைத் தாண்டி எல்லாரும் சாலையோடு போனார்கள். வளைவு திரும்பும்போது டிரம்மும் எக்காளமும் கேட்டன.

“அண்ணே, பேண்டு வாத்தியம்!” என்றான் ஒருவன்.

“பேண்டு வேற வச்சிருக்கானா? பரவாயில்லையே! ம், ஓடுங்க, ஓடுங்க!”

கடைசி வளைவில் பெரிய கிராணியார் உண்மையிலேயே ஓடினார் என்று காசிம் சத்தியம் செய்கிறான். குடையை உயர்த்தி, பின்னால் ஒரு வாலிபர் சங்கமே “ஓ” என்று கூவ, வெற்றிகரமாக இடுகாட்டுக்குள் நுழைந்தார். எதிரே சாக்குத்துணி உடுத்திய பிள்ளைகள், பூ மாலைகள், சவப்பெட்டி.

வாத்தியம் நின்றது. “ஓ”வும் நின்றது. மூத்த மகன் எழுந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பின்வரிசை திரும்பி ஓடத் தயாரானது. அவனோ பெரிய கிராணியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “தெரிமா காசே, தெரிமா காசே” என்று அழுதான். தன் தகப்பனுக்காக இத்தனை தமிழர்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்திருக்கிறார்களே என்று நன்றி சொல்கிறான்! அவனிடம் போய், வழி தப்பி வந்தோம் என்று எப்படிச் சொல்வது? பெரிய கிராணியார் தொப்பியைக் கழற்றினார். தலை குனிந்து நின்றார். அவர் நின்றதால் சங்கமும் நின்றது. மண் தள்ளி முடியும்வரை ஒருவர் அசையவில்லை. கிளம்பும்போது, சாவின் தோஷம் ஒட்டாதிருக்க, ஆளுக்கு ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்தார்களாம்.

சாலையில் திரும்பி வந்து, என் நாலு துண்டைக் கண்டுபிடித்து, ஓடைக்கு முதலில் வந்தவன் காசிம்தான்.

“ரத்தினம், எல்லாரும் வர்றாங்க. நீ மட்டும் இங்க நிக்காதே லா.”

விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் பெரிய கிராணியார் தெரிந்தார். விரலில் சிவப்பு நூல். முகமும் ஏறக்குறைய அதே நிறம். அவர் மனைவி விழித்தெழுந்து, பழக்கதோஷத்தில் வடைத் தூக்கைத் திறந்தார்.

“தொடாதே! மூடு அதை! இடுகாட்டுக்குப் போயிட்டு வர்றோம்!”

“ஓடத்தானே போனீங்க?” என்றார் அந்த அம்மாள்.

குளிக்காமல் யாரும் எதையும் தொட முடியாது. பசியில் கண் இருண்ட வாலிபர்கள் வடையைப் பார்த்தபடி தூரத்தில் வட்டமாக நின்றார்கள். காசிம் மட்டும் பாறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். “உங்க தீட்டு எனக்கு இல்லையே” என்று ஒரு வடையை எடுத்தான். இரண்டாவதையும் எடுத்தபோது சங்கமே முனகியது.

பெரிய கிராணியார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்தத் தட்டை அப்படியே வண்டியில வை. சாவு வீட்டுக் கால்ல வந்து நல்ல காரியம் பேச முடியாது. அது மட்டும் இல்லே. இவன் கையில பொண்ணைக் கொடுத்தா எந்த இடுகாட்டுல கொண்டு போய் விடுவானோ!”

வழி முழுதும் காட்சி வைத்த நான், வார்த்தை ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாள் தட்டைத் தூக்கிவிட்டார்.

“அப்பா” என்றாள் பாக்கியம். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. “அவர் போட்ட வழியில நீங்க போகவே இல்லையே. இப்ப அதுல தானே வந்தீங்க? சரியாத்தானே இங்க வந்து சேர்ந்தீங்க?”

பெரிய கிராணியார் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அவர் இறங்கியதும் சங்கம் முழுவதும் குதித்தது. அருவிக்கு அடியில் நின்றுவிட்டுக் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டே, அன்று முதல்முறையாக அவர் சுற்றிலும் பார்த்தார். மூங்கில், பாறை, கிளைகளுக்கு நடுவே துண்டாகத் தெரிந்த கடல்.

“இடம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

தட்டு அன்று திரும்பிப்போனது. பங்குனியில், வீட்டில், மறுபடி வந்தது. தேதி என்னிடம் இருக்கிறது. அதில் மனைவிக்கும் ஆட்சேபம் இல்லை.

அதன் பிறகு எங்கள் குடும்பம் எங்கே கிளம்பினாலும், நான் வழி சொல்ல வாயெடுத்தால் பிள்ளைகள், “முயலுக்குப் பின்னாலயா, ஊர்வலத்துக்குப் பின்னாலயா?” என்று கேட்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மாமனார் கடைசிவரை ஒரே பதில்தான் வைத்திருந்தார். “ரெண்டுக்கும் பின்னால போயிருக்கேன். ஊர்வலத்துலதான் மிட்டாய் கொடுத்தாங்க” என்பார். பாக்கியம் உடனே அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: “அன்னிக்கு அம்மா தூங்கினப்பவே முயலுக்கு நான் நாலு வடை கொடுத்துட்டேன். வழி தப்பிப் போனவங்களுக்கு அது எப்படித் தெரியும்?”