கண்மாயில் என் தலைதீபாவளி

தலைதீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளை அன்று ஒரு நாளாவது ராஜா. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. ஆனால் என் மாமனார் வீட்டில் அந்தப் பதவி காலியாக இல்லை. அதில் ஒரு காளை மாடு இருந்தது.

யுத்தத்துக்கு முந்திய காலம். நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அலங்காநல்லூர்ப் பக்கம் பெண் எடுத்திருந்தேன். சில்க் ஜிப்பாவும் குடையுமாக மாட்டுவண்டியை விட்டு இறங்கினால் வாசலில் ஈ காக்கை இல்லை. குடும்பமே தொழுவத்தில் நின்று காளையின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. (வண்டியில் வந்து எனக்கும்தான் கால் மரத்துப்போயிருந்தது. யார் கேட்டார்கள்?)

"சுளுக்கு மாப்ள," என்றார் மாமனார். "தெனம் நீச்சல்ல விட்டா கால்ல பாரம் விழாது, நரம்பு எளகிரும். இல்லேன்னா பொங்கல் ஜல்லிக்கட்டுல அவுக்க முடியாது. சந்தைக்குத்தான் ஓட்டணும்."

கண்மாய் நிறைந்து கிடந்தது. காளைதான் இறங்க மறுத்தது. கன்றிலிருந்து அதை வளர்த்தவர் என் மாமியார். அவர் சேலைக்குப் பின்னால்தான் அது போகும். அவருக்கோ நீச்சல் தெரியாது. மைத்துனன் அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறான். மூக்கணாங்கயிறு பிடித்து இழுக்கிறவன் இவன்தான் என்று கண்டுபிடித்து முட்டியிருக்கிறது.

"மச்சானை அதுக்குத் தெரியாதுல்ல," என்றான் அவன். "தெப்பக்குளத்தையே நீந்திக் கடந்தவராம்ல? அக்கா சொல்லுச்சு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் வக்கீல் குமாஸ்தா!" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள, மாட்டுக்கா தெரியப்போகுது?" என்றார் மாமனார்.

தீபாவளி காலையில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீருக்குக் காத்திருந்த என்னை, மாமியாரின் கண்டாங்கிச் சேலையில் சுற்றிக் கண்மாயில் இறக்கினார்கள். காளை சமர்த்தாக என் பின்னாலேயே நீந்தி வந்தது. ஊரே வெடியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடி வந்தது.

அந்தக் காலத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லி அனுப்புவார். என் மாமியார் என்னிடம் முதன்முதலாகப் பேசியது கரையில் நின்றுதான்.

"மாப்ள! முந்தானைய நல்லா மெதக்க விடுங்க!"

விட்டேன். அது கொம்பில் மாட்டியது. காளை கரையேறியது, சேலையும் கரையேறியது. நான் ஏறவில்லை. ஏறும் நிலையில் இல்லை.

"என் புது வேட்டி எங்கே?" என்று கழுத்தளவு தண்ணீரிலிருந்து அலறினேன்.

சரிகை வேட்டி மாமனார் கையில் இருந்தது. காளையின் முதுகைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"சளி பிடிச்சிரும்ல மாப்ள!"

லீவு முடியும்வரை தினமும் இதே வைத்தியம். கால் நேரானது. பொங்கலுக்கு ஒருவராலும் அந்தக் காளையைத் தொட முடியவில்லை. மாலை அதற்கு, துண்டு மாமனாருக்கு. எனக்கு? மறுமுறை வேட்டியோடு போனேன், காளை முட்ட வந்து என்னை வைக்கோல் படப்பின் மேல் ஏற்றிவிட்டது. கீழே நின்று மாமனார், "சேலையக் கட்டிட்டு வந்திருக்கலாம்ல மாப்ள?" என்று என்னையே குறை சொன்னார். என்ன அநியாயம்!

காளை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் வீட்டிலிருந்து எனக்கு வேட்டியோடு ஒரு கண்டாங்கியும் வருகிறது. இந்த வருஷம் மனம் வெறுத்து, "இதை நீயே கட்டிக்கொள்ளேன்," என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் அதை மடித்து என் பெட்டியிலேயே வைத்தாள்.

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் நீச்சல் தெரியாதே!"